ஏற்றம் எனக்கு, இறக்கம் அம்மாவுக்கு

1

நெதர்லாந்தில் மலை கிடையாது. ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, ஒரு மேடு கூடவா இல்லை என்று கேட்கிறார்கள். கால்வாய்ப் பாலங்கள் இருக்கின்றன. கடல் உள்ளே வராமலிருக்கப் போட்ட கரை இருக்கிறது. மற்றபடி தோசைக்கல் மாதிரிக் கிடக்கிற பூமி. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கத்துச் சரிவுகளில் வளர்ந்த நான், ஏறிப் பழகுவதற்கு இங்கே கண்டுபிடித்த ஒரே இடம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடிக் கார் நிறுத்தம்தான். கார்கள் மேலே போகிற சாய்வுப் பாதையின் ஓரமாக, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, வேலைக்குப் போகும் முன் ஏறிக்கொண்டிருப்பேன். அங்கிருக்கும் காவலாளிக்கு முதலில் சந்தேகம். கார் இல்லாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். இதயத்துக்காக என்றேன். என்னுடைய டச்சில் அது எப்படி விழுந்ததோ தெரியவில்லை, அன்றிலிருந்து காதலில் தோற்றவனைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்க்கிறார்.

போன வருடம் இதே மாதத்தில்தான் நெஞ்சு வலி வந்தது. நான் பூப்பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருந்தபோதும் அதே வேலைதான். நாங்கள் பசுமைக் குடிலில் நட்ட லில்லிக் கிழங்குகள் இந்த நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவை கிளம்பிய இடத்துக்கே நானும் வந்து சேர்ந்தேன். வலி வந்தபோது குளிரறையில் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தேழு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஒரு வருடம் முடிந்ததும் சோதனைக்கு வரச் சொல்லி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது, பிறந்தநாள் வாழ்த்து மாதிரி. என் மனைவி செல்வி அன்றைக்குச் சர்க்கரை போடாமல் பாயசம் வைத்தாள். அதைப் பாயசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றேன். இந்த ஒரு வருடத்தில் இப்படி எத்தனையோ விஷயங்களை நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இவ்வளவு ஏறுவது எதற்கு என்றால், அம்மாவின் வீட்டுக்குப் போவதற்கு. அம்மா இருப்பது மலைச் சரிவில். சாலை அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணை வெட்டிப் போட்ட படிகள்தான். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, அவளால் இறங்க முடியாது. எனக்கு இதயம் இப்படி, என்னால் ஏற முடியாது. நான் மேலே போக வேண்டும், அல்லது அவள் கீழே வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கைபேசியின் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2

அப்படி ஓர் இடத்தில் வயதானவளை ஏன் வைத்திருக்கிறாய் என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். நான் எங்கே வைத்தேன்?

அம்மா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்துப் பெயர்களைப் பிரித்தபோது, இவள் குடும்பத்தின் பெயர் இந்தியாவுக்கு என்று வந்தது. பார்த்திராத நாட்டுக்குக் கப்பலேறி, ரயிலேறி, நீலகிரியில் கொண்டுவந்து விட்ட இடத்தில் இறங்கினாள். இங்கேயும் அதே கொழுந்து, அதே கூடை, அதே குளிர். வேலை பார்த்த காலம் முழுக்கத் தோட்டத்து லைன் வீடு. ஓய்வு பெற்றதும் அதையும் காலி செய்யச் சொன்னார்கள், சட்டம் அப்படி. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். கைக்கு வந்த பணத்தோடு நான் அனுப்பியதையும் சேர்த்து இந்தச் சரிவில் இடம் வாங்கி, இரண்டு அறை கட்டிக்கொண்டாள். சாலை இல்லாததால் விலை மலிவு.

கோத்தகிரியில் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்துத் தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. "இங்கேருந்து என்னைய யாரும் எறங்குன்னு சொல்ல ஏலாது தம்பி" என்றாள்.

முழங்கால் வலி முதலில் இறக்கத்தில்தான் வந்தது. ஏறும்போது தெரியாதாம். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உள்ளே கண்ணாடி உடைகிற மாதிரி என்றாள். கூடவே சர்க்கரை. குன்னூர் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உட்கார்ந்துவிடாதீர்கள், தினம் நடங்கள், தொடைச் சதை வலுத்தால்தான் மூட்டு தாங்கும் என்று சொல்லியனுப்பினார். அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். ஆயுள் முழுக்க நடந்தாயிற்று, தன் பங்கு நடை முடிந்துவிட்டது என்பது அவள் கணக்கு. எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்குமே உட்காருவதுதான் சம்பாத்தியம். உட்கார வைத்துச் சோறு போடுகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. நடக்கச் சொல்கிற பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள்?

இன்னொரு சங்கடமும் இருந்தது. தோட்டத்தில் யாரும் வெறுங்கையோடு நடப்பதில்லை. போகும்போது கூடை, வரும்போது விறகு, அதுவும் இல்லையென்றால் ஒரு குடம். காரியம் இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடக்கிற பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அர்த்தம். மருத்துவர் சொன்னதாலேயே அம்மா ஒருநாள் அப்படி நடந்து பார்த்திருக்கிறாள். எதிரே வந்த ஒவ்வொருவரும் நின்று, என்ன தொலைந்துவிட்டது, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அன்றோடு சரி.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு காலிச் சாக்கை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு வீட்டை ஒட்டிய சமப் பாதையில் நடந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் போட அவளிடம் ஒன்றும் கிடையாது, கொண்டுபோய்க் கொடுக்க இடமும் கிடையாது. சாக்கு இருந்தது, அது போதும். பிறகு ஊன்றிக்கொள்ள ஒரு குச்சி வேண்டியிருந்தது. ஊன்றுகோல் என்றால் கிழவியாகிவிட்டாள் என்பார்களே. காட்டுமாட்டை விரட்டுவதற்கு என்று சொல்லி வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர்க் காட்டுமாடு ஒன்றின் தலை மட்டுமே அம்மா கனம் இருக்கும். அந்தக் குச்சிக்குப் பயந்து அது ஓடும் என்று அவளே நம்பியிருக்க மாட்டாள்.

இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, இந்த ஊர் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. இங்கே நல்ல கால் உள்ளவர்கள் இரண்டு கையிலும் குச்சி வாங்கி, சமதரையில் ஊன்றி ஊன்றி நடக்கிறார்கள். யாரும் யாரையும் என்ன தேடுகிறாய் என்று கேட்பதில்லை.

3

மருத்துவமனை என்னை ஒரு பயிற்சிக் கூட்டத்தில் சேர்த்தது. அதற்காகக் காப்பீட்டுக்காரர்களோடு நான் பட்ட பாடு தனிக் கதை. இத்தனை வாரம் போதும் என்று ஒரு கடிதம் வரும். போதாது என்று மருத்துவமனை எழுதும். ஏன் போதாது என்று விளக்கச் சொல்லி எனக்கே இன்னொரு கடிதம் வரும். என் இதயத்துக்கு ஏன் கூடுதல் நாள் வேண்டும் என்று அயல்மொழியில் கட்டுரை எழுதுவது ஏற்றத்தைவிட மூச்சு வாங்குகிற வேலை.

அந்தக் கூட்டத்தில் நான்தான் இளையவன். எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, திறந்த நெஞ்சில் அறுவை செய்துகொண்டவர், சைக்கிள் மிதித்து வந்து சேர்வார். மூச்சுக் குழாய் நோயுள்ள பழைய மீனவர் ஒருவர், உட்கார்ந்தபடியே கைப்பயிற்சி செய்வார். பயிற்சி தருபவள் மாரைக்கே, என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள், ஆளாளுக்கு அளந்து கொடுப்பாள். எனக்கு அவள் தந்த விதி எளிதானது. ஏறும்போது பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் அதிகமாகிவிட்டது, நில். பாட்டே பாட முடிந்தால் சோம்பேறித்தனம், வேகத்தைக் கூட்டு.

ஒருநாள் கார் நிறுத்தத்துச் சாய்வுப் பாதையில் என்னோடு வந்து பேச்சுக் கொடுத்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. பயந்துபோய் நாடி பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் காரணம் தெரியும். டச்சில் வினைச்சொல்லைத் தேடி வாக்கியத்தின் கடைசிவரை ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு இந்த இதயம் காணாது. அதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, உன் மொழியில் யாரிடமாவது பேசிக்கொண்டு ஏறு என்றாள்.

வீட்டில் யாரிடம் பேசுவது? செல்வி வீட்டு வேலைக்கே என்னை விடுவதில்லை. பால் பாக்கெட்டைக்கூடக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் ஆப்பிள் பையோடு வந்து, இனிமேல் உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு, வடை சாப்பிட்டுப் போனார்கள். நமக்கெல்லாம் நோய் என்றால் கட்டில், அதைத் தாண்டி எவனும் யோசிப்பதில்லை. மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு கால்வாய் ஓரமாக ஓடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். அதுவும் இப்போது குறைந்துவிட்டது. கூட நடக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க ஸ்லோ, பப்பா" என்றாள், அதையும் டச்சில். பொய்யில்லை.

அதனால் அம்மாவைக் கூப்பிட்டேன். எனக்குக் காலை, அவளுக்கு மதியம் நெருங்குகிற நேரம். விஷயத்தைச் சொன்னதும், நீ ஏறும்போது நானும் இறங்கிப் பார்க்கிறேன் என்றாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் நடக்கிறோம். நான் கார் நிறுத்தத்தில் மேலே போவேன், அவள் சாக்கோடும் குச்சியோடும் வீட்டு வாசலிலிருந்து கீழே வருவாள். இறக்கத்தில் முதலில் வாசற்படியைத் தாண்டவில்லை. சில வாரங்களில் வீட்டுக்குச் சற்றுக் கீழேயுள்ள பேரிக்காய் மரம்வரை வந்தாள். மழைக்காலத்தில் திரும்ப வாசற்படிக்கே போனாள். நானும் சளி பிடித்துச் சில நாள் படுத்தேன். மறுபடி தொடங்கினோம். அவளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், கால் சொல்கிறபடி கேள், வீம்பு வேண்டாம் என்று. எனக்கும் அவள் அதையே சொன்னாள். நான் பதில் சொல்லத் தாமதித்தால், "என்ன, மூச்சு வாங்குதா? நில்லு, நானும் நிக்கிறேன்" என்பாள். இரண்டு கண்டங்களில் இரண்டு பேர் நின்றுகொண்டிருப்போம்.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஒரு வருடச் சோதனையில் இன்னொரு இரத்தக் குழாயிலும் அடைப்பு தொடங்கியிருப்பது தெரிந்தது. இப்போதைக்கு மாத்திரை. சில மாதங்கள் கழித்து மறுபடி பார்த்து, நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அதற்குள் ஊருக்குப் போய் வரலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். எவ்வளவு உயரம் என்றார். சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். இந்த நாட்டில் அவ்வளவு உயரத்துக்குப் போக விமானம்தான் ஏற வேண்டும். மெதுவாக, பேசிக்கொண்டே ஏறு, வலித்தால் உடனே நின்று நாக்குக்கடியில் மருந்தை அடி, தனியாகப் போகாதே என்று அனுமதி கொடுத்தார். செல்விக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. நிலா வருவதாக அவளாகவே சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, காரணம் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்று பயம்.

செல்வியின் ஏற்பாடு வேறு. கோத்தகிரியில் அறை எடுத்துத் தங்க வேண்டும். நான்கு பேரை வைத்து அம்மாவை நாற்காலியில் தூக்கிக் கீழே இறக்க வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இதைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "நாற்காலியில வச்சி எறக்குறது எப்பன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். அந்த ஊரில் மேலிருந்து நாலு பேர் தூக்கி இறக்கியதில் யாரும் திரும்ப ஏறியதில்லை. அப்பாவையும் லைன் வீட்டிலிருந்து அப்படித்தான் இறக்கினோம்.

4

நாங்கள் போய் இறங்கிய அன்று கட்டபெட்டில் பனிமூட்டமாக மஞ்சு மூடியிருந்தது. டாக்சி ஓட்டி வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். நான் வழியெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். "ஏனுங்க, இதுலயா ஏறப் போறீங்க? பையெல்லாம் நான் கொண்டாறனுங்க, நீங்க சும்மா வாங்க" என்றார். பைகளை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் முன்னால் போய்விட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கீழே வந்துவிட்டோம், நீ இறங்காதே என்றேன். நீ ஏறாதே, நான் வருகிறேன் என்றாள். இந்தச் சண்டை ஆறு மாதமாக நடக்கிறது. இரண்டு பேருமே அடுத்தவர் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு, ஏறத் தொடங்கினேன்.

நிலா முதல் திருப்பம்வரை என்னோடு வந்தாள். பிறகு கால் தாங்கவில்லை, அந்த வயதின் கால். பாட்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மஞ்சுக்குள் ஓடி மறைந்தாள்.

கார் நிறுத்தத்தின் சாய்வு வேறு, இந்த மண் வேறு. படிகள் ஒரே அளவில் இல்லை. மழை அரித்த இடத்தில் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. சின்ன வயதில் இதுபோன்ற படிகளில் ஓடியிருக்கிறேன் என்பதை என் உடம்பு நம்பத் தயாராக இல்லை. அம்மா பையிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். விமானத்தில் என்ன சாப்பிட்டாய், செல்வி என்ன சொல்லி அனுப்பினாள், அங்கே இப்போது என்ன பூ. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்ல முடியாதபோது நின்றேன். அவள் பக்கத்திலிருந்து குச்சி தரையில் படுகிற சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

பாதி வழியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நாங்கள் சேர்ந்து நடக்கத் தொடங்கியதிலிருந்து அம்மா அதுவரை ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. பேரிக்காய் மரம்தான் அவள் எல்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேலே மஞ்சுக்குள் முதலில் சாக்குதான் தெரிந்தது. அம்மா முதுகைக் காட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தாள். மலையைப் பார்த்து நின்று, ஒரு கையால் தேயிலைச் செடியின் தண்டைப் பிடித்து, மறு கையில் குச்சியை ஊன்றி, காலைப் பின்னால் துழாவி, படி கிடைத்ததும் இறங்கினாள். பெரிய பாரத்தோடு செங்குத்தான இடத்தில் கொழுந்துக்காரிகள் அப்படித்தான் இறங்குவார்கள். பாரம் இல்லாமல் யாரும் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு படி கீழே நிலா வந்துகொண்டிருந்தாள். தொடவில்லை. இரண்டு கைகளையும் அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு, பாட்டி. இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனை தமிழ் அவளிடம் இருந்தது.

"எங்க இருக்க தம்பி?" என்று அம்மா கேட்டாள். குரல் என் சட்டைப் பையிலிருந்தும் மேலேயிருந்தும் சேர்ந்து வந்தது. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். நான் பேசாமல் நின்றேன்.

"பேசு. பேச்சு இருந்தாத்தான ஏறலாம்னு அந்தப் புள்ள சொல்லுச்சு" என்றாள் அம்மா, தேயிலைச் செடியைப் பார்த்தபடி.

"இங்கதாம்மா. தொட்டிகிட்ட. நீ பாத்து வா" என்றேன்.

அவள் அவசரப்படவில்லை. மிச்சமிருந்த படிகளையும் அதே வேகத்தில் இறங்கி, தொட்டியின் விளிம்பு கையில் பட்ட பிறகுதான் திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாக்கை எடுத்துத் தொட்டி மேல் விரித்து, ஈரமா இருக்கு, இதுல உக்காரு என்றாள். உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாக்சிக்காரர் பைகளை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தார். அம்மாவைக் கீழே கூட்டிப்போக ஆள் வேண்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "எனக்கு இனி ஏத்தந்தான். ஏத்தத்துக்கு எனக்குப் பயமில்ல. நீ கீழ போறதுன்னா போ. பாத்தாச்சு" என்றாள். அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைப் படுத்தியது. நானும் ஏறுகிறேன் என்றேன்.

அம்மா முன்னால், நான் பின்னால், நிலா எனக்கும் பின்னால். அவள் முன்னால் ஓட முடிந்தும் ஓடவில்லை. அம்மா இறங்கியபோது இருந்த ஆள் இல்லை. ஏற்றத்தில் அவள் கால் தானாகப் போனது, ஆனால் நீளமாக எடுத்து வைக்கவில்லை. பேசிக்கொண்டே போனாள். பேரிக்காய் இந்த வருடம் காய்ப்பில்லை என்றாள். காட்டுமாடு வேலியை முட்டிவிட்டது என்றாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என்னிடம் எதையாவது கேட்பாள். பதில் வந்தால் அடுத்த படி. வராவிட்டால் அப்படியே நிற்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் மூச்சைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் குச்சி மறுபடி தரையில் படும்.

பேரிக்காய் மரத்தைத் தாண்டினோம். வீட்டின் தகரக் கூரை தெரிந்தது. நெஞ்சு வலிக்கவில்லை. கார் நிறுத்தத்தில் நடந்ததெல்லாம் வீண் போகவில்லை என்று மாரைக்கேவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக அந்தக் கடைசிப் படிகளில் மூச்சு வந்து போனது.

"அடுத்த வருசமும் வருவியா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, காலை அடுத்த படியில் வைக்காமல், அம்மா அங்கேயே நின்றாள்.